ஐந்து வயதுப் பையனுக்குக் கர்சிவ் வரவில்லை, பள்ளியை மாற்றிவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பெயர், பள்ளி விவரம் எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை எடுத்துவிட்டு, நீளமான கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

பையனுக்கு ஐந்து வயது நான்கு மாதம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளியில் யூகேஜி படிக்கிறான். எல்கேஜியில் பெரிய ஏபிசிடி முழுசாக எழுதினான், சின்ன ஏபிசிடி அரைகுறையாக வந்துகொண்டிருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் எடுத்த எடுப்பில் கர்சிவ், அதாவது ஆங்கில எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதும் முறை. தினமும் நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம், சனி ஞாயிறு என்றால் மூன்று பக்கம். ராத்திரி ஏழு மணிக்கு நோட்டைப் பிரித்தால் ஒன்பது வரை அழுகை, நடுவில் ஒரு அடி, ரப்பர் போட்டு அழித்து அழித்துத் தாளே ஓட்டை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அவர் வீடு வரும்போது பையன் நோட்டின் மேலேயே தூங்கிப் போயிருப்பான். பேரண்ட்ஸ் மீட்டிங்கில், "இப்படியே போனா ஒண்ணாவதுக்கு அனுப்ப முடியாதும்மா, இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பையன் இடது கைப் பழக்கம். வீட்டில் ஆயா (அப்பாவின் அம்மா) பார்த்தால் பென்சிலைப் பிடுங்கி வலது கையில் கொடுத்துவிடுகிறார். வகுப்பில் மிஸ்ஸும் ஒருநாள் ஸ்கேலால் விரலில் "லேசாத்தான்" தட்டியிருக்கிறார். எம்.சி. ரோடு பக்கம் ஒரு கிளாஸில் முப்பது நாளில் முத்து முத்தாகக் கையெழுத்து வரவைக்கிறோம் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு எக்ஸ்ரே படம், ஐந்து வயதில் கை எலும்பே முளைக்காது, எழுத வைப்பதே கொடுமை என்கிறது. சொந்தக்காரர் ஒருவர் இது டிஸ்கிராபியா, அதாவது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு என்கிறார். பள்ளியை மாற்றவா, கிளாஸில் சேர்க்கவா, டாக்டரிடம் போகவா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் இப்படி முடிக்கிறார்: "நான் தமிழ் மீடியத்துல ப்ளஸ் டூ படிச்சவ. எனக்கே கர்சிவ் வராது. நான் சொல்லிக்குடுக்கத் தெரியாதவளா இருக்கறதாலதான் அவன் பின்தங்கிப் போறானோன்னு ராத்திரியில தூக்கம் வரல."

சகோதரி, கடைசி வரிக்குத்தான் முதல் பதில். உங்களுக்குக் கர்சிவ் தெரியாததற்கும் அவன் அழுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கர்சிவ்வில் முத்துப் போல எழுதும் அம்மாக்களும் இதே பிரச்சினையோடு என்னிடம் வருகிறார்கள். நான் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பென்சில் பிடிப்பது, பட்டன் போடுவது, ஷூ லேஸ் கட்டுவது என்று கை சம்பந்தப்பட்ட வேலைகளைப் பழக்குவதுதான் என் தொழில். உங்கள் கடிதத்தைப் படித்தவரை அந்தப் பிள்ளை பின்தங்கவே இல்லை. ஒரு படி ஏறி முடிக்கும் முன்னே மூன்றாவது படிக்குத் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், குழந்தையின் கை கோடு போடக் கற்பதற்கு ஒரு வரிசை உண்டு. சுமார் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்துப் போடும். நான்கை ஒட்டிக் கூட்டல் குறி. ஐந்தை நெருங்கும்போது சதுரம். முக்கோணம் ஐந்திலிருந்து ஆறுக்குள். சீட்டுக்கட்டில் வரும் டைமண்ட் வடிவம் ஆறு, ஏழு வயதில்தான் பலருக்குச் சரியாக வரும். சாய்வுக் கோடுதான் இதில் கஷ்டம். நேரே இறக்குவதும் குறுக்கே இழுப்பதும் கைக்குச் சீக்கிரம் பிடிபடும், சாய்த்து இழுத்து நடுவில் திரும்புவது பிடிபட நாளாகும். கர்சிவ் முழுக்கவே சாய்வும் சுழியும்தான், அதுவும் பென்சிலை எடுக்காமல், நாலு கோட்டுக்குள், எந்த எழுத்து எந்தக் கோட்டைத் தொட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டே.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். கோடு போடாத ஒரு தாளில் கூட்டல் குறி, சதுரம், முக்கோணம் மூன்றையும் அவன் பார்க்காதபோது வரைந்து வைத்துவிட்டு, இதைப் பார்த்து இதே மாதிரி போடு என்று சொல்லுங்கள், கையைப் பிடித்துக் காட்ட வேண்டாம். முதல் இரண்டும் வந்து முக்கோணம் கோணலாகப் போனால் அவன் தன் வயதில் சரியாக இருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கைக்கு இப்போது தேவை பிரிஎழுத்து, அதாவது புத்தகத்தில் அச்சாகும் அதே வடிவத்தில் தனித்தனியாக எழுதும் எழுத்து.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, கர்சிவ்வில் மறுபடி பெரியது 26, சின்னது 26. ஆங்கிலத்துக்கு மட்டும் 104 உருவம், தமிழில் உயிரும் மெய்யும் முப்பது, இதற்கு மேல் எண்கள். இவ்வளவும் ஐந்து வயதுத் தலைக்குள் ஒரே நேரத்தில் போகிறது, அதில் கர்சிவ் உருவம் அவன் படிக்கும் புத்தகத்திலும் இல்லை, பஸ் போர்டிலும் இல்லை, பிஸ்கட் பாக்கெட்டிலும் இல்லை. வாசிக்கக் கற்கிற வருஷத்தில் கண் பார்க்கும் எழுத்தும் கை எழுதும் எழுத்தும் ஒன்றாக இருந்தால் பிள்ளைக்குப் பாதி பாரம் குறையும்.

அந்த எக்ஸ்ரே படத்தைப் பற்றி. படத்தில் இருப்பது பொய்யில்லை. மணிக்கட்டில் பெரியவர்களுக்கு எட்டுச் சிறு எலும்புகள் உண்டு, பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும், ஒவ்வொன்றாகக் கெட்டியாகி, கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுகூட ஆகும். ஆனால் அதனால் குழந்தை எழுதவே கூடாது என்று முடிவு கட்டியதுதான் தப்பு. குருத்தெலும்பு இருக்கிற கையாலேயே அவன் சட்டைப் பட்டன் போடுகிறான், வேர்க்கடலை உரிக்கிறான், மண்ணில் வீடு கட்டுகிறான். தோளிலிருந்து விரல் வரை தசைகள் ஒத்துழைப்பதும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வதும், எழுத்தின் அசைவு மனதில் பதிவதும்தான் எழுத்துக்கு முக்கியம். அதனால் எழுத்தையே நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறையுங்கள், கர்சிவ்வைத் தள்ளிப்போடுங்கள்.

கர்சிவ் மூளையை வளர்க்கும் என்று பள்ளியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் பலர் நம்புகிறார்கள், அதற்கு ஒரு அடிப்படையும் இருக்கிறது, ஆனால் பாதியில் திரிந்துவிட்டது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் 2012-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு உண்டு. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைச் சில எழுத்துகளைப் பார்த்து எழுதவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரையவும், சிலவற்றைக் கீபோர்டில் தட்டவும் வைத்து, பிறகு ஸ்கேனில் மூளையைப் பார்த்தார்கள். வாசிப்புக்கான பகுதிகள் நன்றாக வேலை செய்தது, தானாகப் பார்த்து எழுதிய எழுத்துகளுக்குத்தான். அங்கே குழந்தைகள் எழுதியது பிரிஎழுத்து, கர்சிவ் இல்லை. கையால் எழுதுவது நல்லது என்பதற்கு இது ஆதாரம், சேர்த்து எழுதினால்தான் நல்லது என்பதற்கு இல்லை. அதோடு, புள்ளிக்கோட்டின் மேலேயே பக்கம் பக்கமாக ஓட்டும் காப்பி ரைட்டிங் புத்தகத்துக்கு எவ்வளவு பலன் என்றும் யோசிக்க வைக்கிறது. அதை நீங்கள் ஏற்கெனவே மூன்று வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நான்காவது வேண்டாம்.

உலகத்திலும் ஒரே வழக்கம் இல்லை. பின்லாந்தில் 2016 முதல் சேர்த்து எழுதுவது கட்டாயப் பாடம் இல்லை. கலிபோர்னியாவில் 2023-ல் சட்டம் போட்டு ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புக்குள் கற்றுத்தரச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்சில் ஐந்து ஆறு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள், ஆனால் அதற்கு முன் நர்சரியில் அலை, சுழி, வளைவு என்று பெரிய தாளில் வரைய வைத்துக் கையைத் தயார் செய்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அந்தத் தயாரிப்பு இல்லாமல் நேராக நோட்டுக்கு வந்துவிடுகிறோம். எனக்கு ஒப்பாதது அதுதான்.

கர்சிவ்வை நான் எதிர்க்கவில்லை. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே கைகொடுக்கிறது. பேட்டுக்கு வரும் பி-யையும் டாக்குக்கு வரும் டி-யையும் மாற்றி எழுதும் பிள்ளைக்குக் கர்சிவ்வில் இரண்டும் வேறு வேறு அசைவு என்பதால் குழப்பம் குறையலாம், வார்த்தைக்கு வார்த்தை இடைவெளியும் தானாக வரும். ஆனால் அது எல்லாம் பிரிஎழுத்து சிரமமில்லாமல் வந்த பிறகு, ஏழு எட்டு வயதில், இரண்டாவது மூன்றாவது படிக்கும்போது. உங்கள் பையன் இப்போது பி-யும் டி-யும் மாற்றுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஏழு வயது வரை அது சகஜம். பின்னாளில் வேகமாக எழுதுகிற பெரியவர்களைக் கவனித்தால் பாதியைச் சேர்த்தும் பாதியைப் பிரித்தும்தான் எழுதுவார்கள். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துகிறவருக்கும் படிக்கத் தெளிவாக இருந்தால் போதும்.

இடது கையை இடது கையாகவே விடுங்கள்

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன இந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர். அது பழக்கத்தால் வருவதில்லை, மூளையின் அமைப்பு அப்படி. ஒரு கை எழுத்து பழகிக்கொண்டிருக்கும்போது அடிக்கடி பிடுங்கி இன்னொரு கைக்கு மாற்றினால் இரண்டு கையிலும் பழக்கம் சேராது. அவன் எழுத்து ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். அவர் காலத்தில் அப்படித்தான் திருத்தினார்கள், பேரன் மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார். சாப்பிடுவதும், பெரியவர்களுக்கு ஒன்றை நீட்டுவதும் வலது கையில் இருக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அது நம் வீட்டு வழக்கம், மிரட்டாமல் பழக்கலாம், பல இடது கைக்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். எழுதுவதை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். சச்சின் பேட் பிடித்தது வலது கைக்காரராக, கையெழுத்துப் போடுவது இடது கையில் என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்து சொன்னால் இன்னும் எடுபடும்.

இடது கைப் பிள்ளைக்கு நோட்டு வைக்கும் விதமே வேறு. நோட்டு உடம்புக்கு நேர் நடுவில் இருக்கக் கூடாது, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்க வேண்டும். இடது மேல் மூலை உயர்ந்தும் வலது மேல் மூலை இறங்கியும் இருக்கும்படி சாய்த்து வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே பிடித்தால்தான் தான் எழுதுவது அவனுக்கே தெரியும், இல்லாவிட்டால் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு எழுத ஆரம்பிப்பான். இப்போது அவன் காப்பி ரைட்டிங் நோட்டை எடுத்துப் பாருங்கள். மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில் அச்சாகியிருக்கும். அவன் எழுதக் கை வைத்ததும் அந்த மாதிரியே கைக்கு அடியில் மறைந்துபோகும். எதைப் பார்த்து எழுதுவான் பாவம்? அதே எழுத்தை வரியின் வலது ஓரத்தில் நீங்கள் பென்சிலால் ஒருமுறை எழுதி வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே பல பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் என்ன பேசுவது

முதலில் ஸ்கேல் விஷயம். லேசாகத் தட்டினாலும் அது அடிதான். தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவும் உடல் தண்டனை, மனத் துன்புறுத்தல் இரண்டையும் தடுக்கிறது. இதைக் கோபமாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விடாதீர்கள். "மிஸ், எழுத்துக்காகவோ இடது கைக்காகவோ அவன் மேல கை வைக்க வேண்டாம்" என்று ஒரே வரியில், தெளிவாக. மறுபடி நடந்தால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியில் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

அடுத்து, ஒன்றாவதுக்கு அனுப்ப மாட்டோம் என்ற பேச்சு. பெயிலாக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி உண்டு, ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுக்கு, அதனால் யூகேஜிக்கு அதை நேராகக் காட்ட முடியாது. இருந்தாலும் கர்சிவ் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை உட்கார வைப்பதில் நியாயமே இல்லை. பேச்சு, கணக்கு, மற்ற பிள்ளைகளோடு பழகுவது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "அவன் வேற எதுல பின்தங்கியிருக்கான்னு எழுதிக் குடுங்க மிஸ்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு இறங்கிவரும்.

வீட்டுப்பாடத்துக்கு வந்தால், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. உங்களுடையது மெட்ரிக் பள்ளி, இதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சட்டம் பேசினால் மிஸ்ஸுக்கும் உங்களுக்கும் இடையில்தான் மனக்கசப்பு வரும். ஆனால் பேசும்போது இது உங்கள் மனதில் தைரியமாக இருக்கட்டும்.

மிஸ்ஸின் நிலைமையையும் யோசியுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளை, மேலே நிர்வாகம், இந்தப் பக்கம் "பக்கத்து ஸ்கூல்ல கர்சிவ் எழுதுறாங்க, இங்க ஏன் இல்ல" என்று கேட்கிற பெற்றோர். கர்சிவ்வை யூகேஜிக்கு இழுத்து வந்ததில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. அதனால் அவருக்குச் செய்ய முடிந்ததை இப்படிக் கேளுங்கள்: பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு வரி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வருஷம் பிரிஎழுத்தில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், கர்சிவ்வை இரண்டாவதில் நானே பழக்குகிறேன். இந்த மூன்றில் இரண்டுக்கு ஒத்துக்கொண்டால் அந்தப் பள்ளியிலேயே இருக்கலாம் என்பது என் கருத்து.

பள்ளியை மாற்றுவது கடைசி வழி. வருஷ நடுவில் மாற்றினால் கட்டிய பணம் போகும், புது இடம், புது மிஸ், சேர்ந்து விளையாடும் பிள்ளைகள் போய்விடுவார்கள், போகிற இடத்திலும் கர்சிவ் இருக்கலாம். அடி தொடர்ந்தால், அல்லது காலையில் வயிறு வலிக்கிறது என்று அவன் தினமும் பள்ளிக்குப் போக மறுக்க ஆரம்பித்தால், அப்போது யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அந்த முப்பது நாள் கிளாஸ்

வேண்டாம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை தானே ஆசைப்பட்டுப் போனால் அது வேறு. ஐந்து வயதில், பள்ளியில் ஒரு பக்கம், வீட்டில் ஒரு பக்கம், கிளாஸில் ஒரு பக்கம் என்றால் எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவருவது என் அனுபவத்தில் கையெழுத்தைத் திருத்துவதைவிடக் கடினம்.

வீட்டில் பத்து நிமிடம்

இரண்டு மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம், அவன் வரியின் நடுவில் இருந்தாலும் நோட்டை மூடிவிடுங்கள். அதுவும் ராத்திரி ஏழு மணிக்கு வேண்டாம், பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு விளையாடிய பிறகு, தூக்கம் வரும் முன்னே.

கட்டிலில் குப்புறப் படுத்து எழுதுகிறான் என்கிறீர்கள். தனி மேஜை போட வீட்டில் இடமில்லை என்பது புரிகிறது, தேவையும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும், முன்னால் ஒரு மணைக்கட்டை, அதன் மேல் பரீட்சை அட்டை, அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு தடிப் புத்தகம் வைத்தால் சரிவு கிடைக்கும். பென்சில் பாதித் துண்டாக இருந்தால் நல்லது, நீளப் பென்சிலை முஷ்டியால் பிடிப்பவன் துண்டுப் பென்சிலை விரலால்தான் பிடிக்க முடியும். மூன்று விரலில் பிடித்தால் சரி, நான்கு விரலில் பிடித்தாலும் கை வலிக்காமல் எழுத்து வந்தால் விட்டுவிடுங்கள். ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள், தப்பானால் பக்கத்தில் இன்னொன்று எழுதட்டும், எந்தப் பக்கத்தில் எது நன்றாக வந்தது என்று அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள்.

எழுத்துகளை ஏ-யிலிருந்து வரிசையாக எடுக்காமல் அசைவை வைத்துக் கூட்டுங்கள். சி, ஓ, ஏ, ஜி இவை ஒரே மாதிரித் தொடங்கும் சின்ன எழுத்துகள், ஒரு வாரம் அதுவே போதும். தமிழில் கோடு சுலபமான ட, ப, ம என்று தொடங்கிப் படம், மடம், பட்டம் என்று சேர்க்கும் முறை உங்களுக்கே தெரிந்திருக்கும், நீங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர், இதில் நீங்கள்தான் அவனுக்கு நல்ல மிஸ். தமிழைத் தமிழாக அழகாக எழுதிக் காட்டுங்கள், ஒரு மொழியில் கை பழகினால் அடுத்ததற்கு அந்தப் பிடிமானம் உதவும்.

ஆயாவுக்கும் ஒரு வேலை கொடுங்கள், இதை நான் மனசாரச் சொல்கிறேன். வாசலில் புள்ளி வைத்து அதைச் சுற்றி வளைத்து வளைத்து இழுக்கும் கோலம் போடுவாரே, அதைப் பேரனுக்குக் கற்றுத்தரச் சொல்லுங்கள். மூன்று புள்ளி வைத்து, கோட்டை எடுக்காமல் ஒரு புள்ளிக்கு மேலே போய் அடுத்த புள்ளிக்குக் கீழே இறங்கி, கடைசிப் புள்ளியைச் சுற்றித் திரும்பி வருவது. மாவு இப்போதைக்கு வேண்டாம், தரையில் பல்பத்தால், பெரிதாக, தோளே அசையும்படி. கர்சிவ்வுக்குத் தேவையான அசைவு முழுக்க அதில் இருக்கிறது, இடது கையால் போட்டாலும் கோலம் கோலம்தான். (பல்பத்தைத் தின்கிறானா என்று ஒரு கண் வையுங்கள். அடிக்கடி தின்றால் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லி ஒரு டெஸ்ட் எடுங்கள்.) முருங்கைக்கீரை ஆய்வது, வேர்க்கடலை உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது எல்லாமே விரலுக்கு வேலைதான். தெருவில் பெரிய பசங்க கேரம் ஆடும்போது அவனையும் ஒரு ஓரத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது ஒற்றை விரலைப் பழக்க அருமையான வேலை. லீவு நாளில் திருவொற்றியூர் பக்கம் கடற்கரைக்குப் போனால் ஈர மணலில் குச்சியால் பெரிய பெரிய எழுத்து எழுதட்டும்.

டிஸ்கிராபியா, டாக்டர்

ஐந்து வயதில் யாரும் டிஸ்கிராபியா என்று முத்திரை குத்த முடியாது, குத்தினால் நம்பாதீர்கள். எழுத்து, வாசிப்பு, கணக்கு சம்பந்தமான கற்றல் குறைபாடுகளை எட்டு வயதை ஒட்டி, மூன்றாம் வகுப்பு வாக்கில்தான் முறையாகச் சோதிப்பது வழக்கம், முறையாகச் சொல்லிக்கொடுத்தும் மாதக்கணக்கில் முன்னேற்றம் இல்லை என்பதையும் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடுகளும் இருக்கின்றன, அப்படி ஒன்று பின்னால் தெரியவந்தாலும் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் என்று தேர்வில் சலுகைகள் உண்டு, வாழ்க்கை ஒன்றும் முடிந்துபோகாது.

ஆனால் இப்போதே காட்ட வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. பட்டன் போடவோ ஸ்பூன் பிடிக்கவோ கஷ்டப்படுகிறானா, கை நடுங்குகிறதா, ஓடும்போது அடிக்கடி விழுகிறானா, எழுதும்போது கை வலிக்கிறது என்கிறானா, வலது கை பிடிக்கவும் தாங்கவும் சரியாக உதவுகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலோ காட்டுங்கள், இரண்டும் அரசு மருத்துவமனை. இது எதுவும் இல்லை என்றாலும் கண் மட்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். மூக்கு நோட்டில் முட்டுகிற மாதிரி குனிந்து எழுதுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், எழுத்து சரியாகத் தெரியாமல்கூட அப்படிக் குனியலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை.

கர்சிவ்வை எப்போது தொடங்குவது என்றும் சொல்லிவிடுகிறேன். டைமண்ட் வடிவத்தைப் பார்த்துப் போட வர வேண்டும், சின்ன எழுத்து 26-ம் பார்க்காமல் எழுத வர வேண்டும், வாசிப்பு கொஞ்சம் ஓட வேண்டும். மூன்றும் வந்த பிறகு ஈ, எல், ஐ, யு என்ற நான்கு சின்ன எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள், நான்கும் கீழ்க்கோட்டிலேயே முடிந்து அடுத்த எழுத்தோடு சுலபமாகச் சேரும். ஓ, வி, டபிள்யூ, பேட்டுக்கு வரும் பி இந்த நான்கும் மேலேயிருந்து சேரும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நீங்களும் அவனோடு சேர்ந்து ஒரு நாலு கோடு நோட்டு வாங்கி எழுதிப் பாருங்கள், ஒன்றாகவே கற்றுக்கொள்ளலாம். மிஸ்ஸிடம் பேசிய பிறகு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள், அவன் முக்கோணம் போட்ட தாளையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.